குப்பியில் தமிழில் விளங்குகிறது, பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை: என்ன செய்யலாம்?

கொப்பிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதலாம் ஆண்டு மாணவன். வடமராட்சியில் உயர்தரம் வரை தமிழ் மொழிமூலமே படித்தேன். இங்கு வந்து சேர்ந்ததிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி ஒன்றை, இதே வழியால் முன்பு போனவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

முதல் வாரத்து இயக்கவியல் விரிவுரையில் கடைசிக்கு முந்திய வரிசையில் இருந்தேன். பலகையில் வரையப்பட்ட படம் எனக்கு நன்கு பழக்கமான படம்: ஒரு சாய்தளம், அதன்மேல் உருளும் உருளை. உயர்தரத்தில் இதே கணக்கை எத்தனை தடவை செய்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் பிடிபட்டவை சமன்பாடுகள் மட்டுமே. சடத்துவத் திருப்பம் என்று நான் அறிந்திருந்ததைத்தான் விரிவுரையாளர் மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா என்கிறார் என்பது, அதன் குறியீட்டை அவர் எழுதிய பிறகே விளங்கியது. ஆர்முடுகல், உந்தம், காவி என்று இரண்டு வருடம் கூடவே வந்த சொற்கள் எல்லாம் பெயரை மாற்றிக்கொண்டு வந்து, என்னைத் தெரியாதவை போல நின்றன.

பின்னர் விடுதியின் பொது அறையில் மூன்றாம் ஆண்டு அண்ணா ஒருவர் தமிழில் குப்பி, அதாவது மூத்த மாணவர் இளையவர்களுக்குக் காசு வாங்காமல் எடுக்கும் வகுப்பு, எடுத்தார். இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்த அந்த ஒரு குப்பியில், மூன்று வார விரிவுரைகள் முழுவதும் தெளிந்தன. அன்று நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் இடைத் தவணைப் பரீட்சையில், ஒரே திணிவும் ஒரே ஆரையும் உடைய திண்ம உருளையும் பொள் உருளையும் ஒரே உயரத்திலிருந்து உருண்டால் எது முதலில் கீழே வரும், ஏன் என்று கேட்டிருந்தார்கள். விடை எனக்குத் தமிழில் தலைகீழ்ப்பாடம். ஆங்கிலத்திலோ இரண்டு முறிந்த வாக்கியங்கள்தான் வந்தன. எட்டுப் புள்ளிகளில் இரண்டு கிடைத்தது.

ஆகவே என் கேள்வி இதுதான். தமிழ்க் குப்பிக்குப் போவது எனக்கு உதவுகிறதா, அல்லது ஆங்கிலத்தில் படிக்கப் பழகவேண்டிய காலத்தை அது விழுங்கிவிடுகிறதா? குப்பியை விட்டுவிட்டு விரிவுரையோடு மல்லுக்கட்டுவதே நல்லது என்று அறைத்தோழர் ஒருவர் சொல்கிறார்.

ஹந்தானைக் குளிர்

தம்பி, நானும் அதே பீடத்தில் படித்து வெளியேறியவன். அக்பர் பாலத்தில் மகாவலிக்கு மேலே நின்று, ஊருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்த மாலைகள் எனக்கும் உண்டு. ஆகையால் அறிவுரை என்று எண்ணாமல் அனுபவம் என்று வாசியுங்கள்.

குப்பியை விடவேண்டாம். ஆனால் எந்தக் குப்பி என்பதைப் பாருங்கள். எங்கள் காலத்தில் இரண்டு அண்ணாமார் குப்பி எடுத்தார்கள். ஒருவர் வாயாலும் தமிழ், பலகையிலும் தமிழ். அவருடைய குப்பிக்குக் கூட்டம் வழியும், ஏனெனில் ஊரில் ரியூசன் சேர் படிப்பிப்பது போலவே இருக்கும். மற்றவர் கொஞ்சம் கடுமையான மனிதர். அவர் வாய் தமிழ் பேசும், அவருடைய சுண்ணக்கட்டி ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் எழுதாது. விளக்கம் முழுவதையும் தமிழில் சொல்லி முடித்தபின், இப்போது சொன்னதை மூன்று ஆங்கில வாக்கியங்களாக யார் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அவரும் திறக்கமாட்டார். அந்த மௌனம் சில வேளை ஐந்து நிமிடம் நீளும், வெளியே தவளைச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு யாராவது ஒருவர் வெட்கத்தை விட்டுத் தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் சொல்வார். அதை அப்படியே பலகையில் எழுதி, எல்லாருமாகத் திருத்துவோம். அவருடைய குப்பிக்கு ஒன்பது பேர்தான் போனோம். அந்த ஒன்பது பேருக்கும் அந்தப் பாடப் பரீட்சையை மீண்டும் எழுத நேரவில்லை.

இன்னொன்று. உங்களை வீழ்த்தியது சடத்துவத் திருப்பத்தின் ஆங்கிலப் பெயரன்று. கலைச்சொற்கள் ஒரு மாதத்தில் வந்துவிடும், அவை எண்ணிக்கையில் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. நம்மை வீழ்த்துபவை இடையில் நிற்கும் சின்னச் சொற்கள்தான்: அன்லெஸ், புரொவைடட் தட், ஹென்ஸ், ரெஸ்பெக்டிவ்லி. வினாவின் ஏவற்சொற்களும் அப்படியே. ஸ்டேட் என்றால் சொன்னாற் போதும், ஜஸ்டிஃபை என்றால் காரணம் வேண்டும், கமென்ட் என்றால் உங்கள் தீர்ப்பு வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஜஸ்டிஃபை என்ற வினாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் புள்ளி போய்விட்டதென்று புலம்பிய ஆள் நான்.

இதற்கு எளிய வழி உண்டு. உயர்தர இணைந்த கணித வினாத்தாள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சாகிறது. ஒரே ஆண்டின் தமிழ்த் தாளையும் ஆங்கிலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 'எனக் காட்டுக' என்பது ஷோ தட், 'உய்த்தறிக' என்பது டெடியூஸ், நாம் பத்தாயிரம் தடவை எழுதிய 'முறையே' என்பதுதான் ரெஸ்பெக்டிவ்லி. கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டுமே மனத்தில் படியும். நான் இதை இரண்டாம் ஆண்டில்தான் கண்டுபிடித்தேன். முதலாம் ஆண்டிலேயே எவராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சுன்னாகம் வாத்தியார்

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் குப்பி என்ற வழக்கத்தின்மீது இவ்வளவு பரிவு காட்ட என்னால் முடியவில்லை. முப்பது ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குப்பி என்பது ரியூசனின் நீட்சியே. பாடசாலையில் ஆசிரியர் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே, மாலையில் ரியூசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளை கனவு காணத் தொடங்குகிறது. அதே பிள்ளை பல்கலைக்கழகம் போனதும், குப்பியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விரிவுரையிலும் அதே கனவைத் தொடர்கிறது. 80 வீத வரவு வேண்டும் என்ற விதி இருப்பதால் உடல் மட்டும் மண்டபத்தில் இருக்கிறது.

இரண்டாவது, குப்பி பெரும்பாலும் கடந்தகால வினாத்தாளைச் சுற்றியே ஓடுகிறது. இது வரும், இது வராது, இந்த அலகை விட்டுவிடலாம் என்ற பேச்சுத்தான் அங்கு அதிகம். விரிவுரையாளர் மாறினாலோ வினாவின் போக்கு மாறினாலோ வகுப்பு முழுவதும் ஒரே குழியில் விழும். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பாடநூலின் ஒரு அத்தியாயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை, அகராதியோடாவது வாசித்து முடிக்கும் மாணவனுக்குக் கிடைக்கும் தைரியத்தை எந்தக் குப்பியும் தராது. அந்தத் தம்பி எட்டுக்கு இரண்டு எடுத்தது ஒரு விதத்தில் நல்லதே. முதலாம் ஆண்டிலேயே விழித்துக்கொண்டார்.

தேயிலைத்தூர்

வாத்தியார் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. ரியூசனின் நீட்சி என்று நீங்கள் சொல்லும்போது, எல்லாருக்கும் ரியூசன் இருந்தது என்று எண்ணுகிறீர்கள். நான் ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலையே எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வகுப்பில் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாத தவணைகளும் உண்டு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்பதால் வெட்டுப்புள்ளி குறைவு, அதனால்தான் வந்தாய் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த சகமாணவர்கள் மறந்துபோன பகுதியை மீட்டிக்கொண்டிருந்தபோது, நான் அதை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். குப்பி இல்லாவிட்டால் என்னால் விஞ்ஞான பீடத்தில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

பேராதனையில் எங்கள் பிரிவில் தமிழ் மாணவர் ஆறு பேர்தான். ஆறு பேருக்காகத் தனியே தமிழ்க் குப்பி எடுக்க எப்போதும் ஆள் கிடைக்காது. பெரும்பாலான குப்பிகள் சிங்களத்தில் நடந்தன. எனக்குச் சந்தைச் சிங்களம் வரும், அதனால் தாங்கமுடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அறைத்தோழிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கையிலிருந்து கைக்கு மாறிப் பத்துத் தடவை போட்டோகொப்பி அடித்து மங்கிப்போன ஒரு குறிப்புத் தொகுதி எங்களிடம் வந்தது. பாடம் ஆங்கிலத்தில், ஓரங்களில் எழுதியிருந்தவை எல்லாம் சிங்களத்தில். இழைமணிப் படத்துக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு எதையோ எழுதி, மூன்று உடுக்குறி இட்டிருந்தார்கள். இது மிகவும் முக்கியமான விளக்கமாக இருக்கவேண்டும் என்று தோழி அதை அப்படியே தன் கொப்பியில் வரைந்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் வாசித்துப் பார்த்தேன். 'மேக எனவா' என்று இருந்தது. இது வரும் என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்கள். அவள் முதன்முதலாக எழுதிய சிங்கள எழுத்துகள் அவைதான். நான்காம் ஆண்டில் அவளே சிங்களமும் ஆங்கிலமும் கலந்து குப்பி எடுத்தாள், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்கள மாணவர்.

ஆகவே ஐயா, குப்பியில் 'இது வரும்' என்ற பேச்சு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமன்று.

மண்ணெண்ணெய்

விவாதத்துக்குச் சற்று அருகிலுள்ள ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1990களின் முதற்பாதியில் படித்தவன். குப்பி என்ற இந்த வழக்கு, இரவில் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததிலிருந்து வந்தது என்பார்கள். தென்னிலங்கை வளாகங்களில் அது வெறும் பெயராக நிலைத்துவிட்ட காலத்திலும் எங்களுக்கு உண்மையாகவே விளக்கு வேண்டியிருந்தது. 1990 நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னைப்போல விலை ஏறியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, சிறு திரியோடு எரிய விடுவோம். ஒரு போத்தலைச் சுற்றி நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரு கொப்பி. வெளிச்சம் எட்டும் தூரத்தில் இருப்பவர் வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதென்பது எங்களுக்குப் படிப்பிக்கும் முறை அன்று, எண்ணெய்க் கணக்கு.

என் மகள் இப்போது தெற்கில் ஒரு வளாகத்தில் படிக்கிறாள். முதற் தவணையில் ஒரு நாள் தொலைபேசியில், "அம்மா, இரவைக்குக் குப்பி இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் மனைவி சமையலறையில் அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் தலைமுறையில் வடக்கில் வளர்ந்த ஒருவருக்கு அந்தச் சொல் போராளிகளின் கழுத்தில் தொங்கிய நஞ்சுக் குப்பியைத்தான் முதலில் நினைவூட்டும். மகளுக்கு அது தெரியாது. வகுப்பைத்தான் சொல்கிறாள் என்று நான் விளக்கிய பிறகும், அன்றிரவு மகள் திரும்ப அழைக்கும்வரை மனைவி படுக்கவில்லை.

தம்பியின் கேள்விக்கு இது விடையன்று என்பது தெரியும். மன்னிக்கவும்.

ஓரத்து மேசை

எவரும் இதுவரை தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. குப்பி எல்லாருக்கும் திறந்திருக்கும் கதவு என்பது போலவே இங்கு பேசப்படுகிறது. அப்படியன்று. நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். முதலாம் ஆண்டில் பகிடிவதைக்கு உட்பட மறுத்தேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. என்னை வட்ஸ்அப் குழுவில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். குப்பி எங்கே, எத்தனை மணிக்கு என்பது அந்தக் குழுவில்தான் வரும். குறிப்புகளும் அங்கேதான். ஒருமுறை தற்செயலாகக் குப்பி நடக்கும் அறைக்குள் நுழைந்தேன். எடுத்துக்கொண்டிருந்த அண்ணா பேச்சை நிறுத்திவிட்டுச் சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார். நான் வெளியே வரும்வரை அதை மீண்டும் எடுக்கவில்லை.

1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்து மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சுறுத்தினால், காயப்படுத்தினால் சட்டத்திடம் போகலாம். குறிப்புத் தராவிட்டால், குப்பிக்குச் சொல்லாவிட்டால் எந்தச் சட்டத்திடம் போவது? உதவி என்பது கொடுப்பவரின் விருப்பம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் விரிவுரையை விளங்கிக்கொள்ள அந்த உதவி ஒன்றே வழி என்ற நிலை ஒரு பீடத்தில் இருந்தால், அதைக் கையில் வைத்திருப்பவர்கள் ஓர் ஆயுதத்தை வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

நான் எப்படிப் படித்தேன் என்று கேட்பீர்கள். வாத்தியார் ஐயா சொன்ன வழியில்தான். நூலகத்தின் ஓரத்து மேசை, ஒரு பாடநூல், ஓர் அகராதி. ஐயா சொன்ன தைரியம் வந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்தில் பேசுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஹந்தானைக் குளிர்

ஓரத்து மேசை எழுதியதை வாசித்தபின் என் முதற்பதிவைத் திரும்பப் பார்த்தேன். அந்த ஒன்பது பேரில் ஒருவராக நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதை எழுதவே இல்லை. என்னை அழைத்தது விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். வேறு விடுதியில் இடம் கிடைத்திருந்தால் எனக்கு அந்தக் குப்பி நடப்பதே தெரிந்திருக்காது. அதை என் கெட்டித்தனம் போல எழுதிவிட்டேன்.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இது கொஞ்சம் மாறியது என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற இணைய வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழக மாணவர்கள் தரவுக் கட்டணம் இல்லாமல் சூமில் இணைய முடிந்தபோது, குப்பிகளும் சூமுக்குப் போயின. அவற்றிற் சில பதிவுசெய்யப்பட்டு யூரியூபில் கிடக்கின்றன. யார் கேட்கிறார்கள் என்று பார்த்துக் கதவைச் சாத்த அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் அங்கே மௌனமாக நின்று உங்களை ஆங்கிலத்தில் பேசவைக்கவும் ஒருவரும் இல்லை.

சுன்னாகம் வாத்தியார்

தேயிலைத்தூர் மகளுக்கு: நீங்கள் சொன்னது சரி. ரியூசன் எல்லாருக்கும் இருந்தது என்று எண்ணியது என் பிழை. யாழ்ப்பாணத்தில் ஒரு சந்திக்கு இரண்டு தனியார் கல்வி நிலையங்களைப் பார்த்துப் பழகிய கண் இப்படித்தான் பார்க்கும்.

ஆனால் மொழிபற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பல்கலைக்கழகக் கலைப் பீடங்களில் 1960இலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் படிக்க வழி வந்தது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. அதாவது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிள்ளையைப் பதின்மூன்று வருடம் தமிழில் படிப்பித்து, பதினான்காம் வருடம் ஓர் ஆங்கில மண்டபத்தில் கொண்டுபோய் இருத்துகிறோம். இடையில் சில வார ஆங்கிலப் பயிற்சி நெறி ஒன்று உண்டு. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடமும் உண்டுதான், ஆனால் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது என்பதால் பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் பௌதிகக் கணக்குச் செய்வார்கள். நானே அந்தப் பாடவேளைகளை இரசாயனத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். அதிபரும் மறுத்ததில்லை.

இந்த இடைவெளியை நிரப்பச் சம்பளம் இல்லாமல், சான்றிதழ் இல்லாமல், தன் பரீட்சையையும் வைத்துக்கொண்டு ஓர் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை இரவு பத்தரை வரை பலகையருகே நிற்கிறது என்றால், அதை நான் ரியூசன் என்று சொல்லியிருக்கக்கூடாது. ரியூசனுக்கு நாங்கள் காசு வாங்கினோம்.

கடந்தகால வினாத்தாள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

தேயிலைத்தூர்

நன்றி ஐயா. ஒரு சிறு சேர்க்கை மட்டும். குப்பியால் மிக அதிகமாகப் படிப்பவர் குப்பி எடுப்பவர்தான். பிரசாரணத்தை, அதாவது மென்சவ்வின் ஊடாகத் தண்ணீர் கடப்பதை, முதலாம் ஆண்டு மாணவிக்கு நான் தமிழில் விளக்கத் தொடங்கியபோது, அவள் "அக்கா, தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் போகவேண்டும்?" என்று கேட்டாள். செறிவு, மென்சவ்வு என்று மனப்பாடமாக இருந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்பதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தப் பாடத்தில் நான் ஏ எடுத்தவள். அன்றிரவு பாடநூலைத் திரும்பத் திறந்தேன். ஆகவே கொப்பிக்காரன் தம்பி, உங்கள் வகுப்பில் உங்களைவிடத் தடுமாறும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு ஒரு தலைப்பை மட்டும் நீங்கள் எடுத்துப் பாருங்கள், அதுவும் ஹந்தானைக் குளிர் அண்ணா சொன்ன விதத்தில், வாயால் தமிழும் பலகையில் ஆங்கிலமுமாக.

கொப்பிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதவேண்டும் என்று நினைத்ததே.

இணைந்த கணிதத்தின் தமிழ்த் தாளையும் ஆங்கிலத் தாளையும் அச்சிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து மூன்று ஆண்டுத் தாள்களை வாசித்து முடித்தேன். 'முறையே' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் பழைய நண்பனை வெளியூர்ச் சந்தையில் கண்டது போல இருந்தது. 'உய்த்தறிக' என்பதற்கு என்ன பொருள் என்றே பள்ளிக்காலத்தில் யோசித்ததில்லை, முன் பகுதியில் வந்த விடையை அடுத்த பகுதிக்குப் போடு என்பதற்கான ஒலி அது என்றுதான் எண்ணியிருந்தேன். டெடியூஸ் என்பதை அகராதியில் பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லின் பொருளும் விளங்கியது.

அடுத்த குப்பியில் மூன்றாம் ஆண்டு அண்ணாவிடம், முடிவில் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் முதல் வாக்கியத்தை நானே சொல்லவேண்டும் என்று என்னை எழுப்பி விட்டுவிட்டார். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஓரத்து மேசை எழுதியதை அண்ணாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். மறுநாள் குப்பியின் நேரமும் அறை இலக்கமும் எழுதிய தாள் ஒன்று விடுதி அறிவித்தற் பலகையில் ஒட்டியிருந்தது. அதுவரை அது குழுவில் மட்டும்தான் வரும்.

இடைத் தவணையில் கோட்டைவிட்ட அதே வினாவுக்கு மீண்டும் விடை எழுதி, படமாக இங்கே இணைத்திருக்கிறேன். நான்கு ஆங்கில வாக்கியங்கள். திண்ம உருளைக்குச் சடத்துவத் திருப்பம் குறைவு என்பதும், எனவே அது இழக்கும் அழுத்த சக்தியில் சுழற்சிக்குப் போகும் பங்கு குறைவு என்பதும், மீதி நேர்கோட்டு இயக்கத்துக்குப் போவதால் அதுவே முதலில் கீழே வரும் என்பதும், வழுக்காமல் உருளும்வரையில் இது திணிவையோ ஆரையையோ பொறுத்ததன்று என்பதும் அவற்றின் பொருள். 'வழுக்காமல் உருளும்வரையில்' என்பதற்குப் புரொவைடட் தட் போட்டிருக்கிறேன். திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும்.

ஹந்தானைக் குளிர்

பார்த்தேன் தம்பி. ஆங்கிலம் சரியாக இருக்கிறது, புரொவைடட் தட் சரியான இடத்தில் நிற்கிறது. ஆனால் உருளையைச் சுழற்றுவது உராய்வு விசை என்பதையும், அது சாய்தளத்தின் மேல்நோக்கித் தொழிற்படுகிறது என்பதையும் எழுத மறந்துவிட்டீர்கள். எட்டுக்கு ஆறு.